அதுங்க

தேவேந்திரன் விடிவதற்கு முன்பே போட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகிறவன். அதனால் அந்த வீட்டில் விளக்கு வைத்ததுமே சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். பழவேற்காட்டை ஒட்டிய குப்பத்தில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் அதுவும் ஒன்று. அவன் மனைவி மாலா டிவிக்கு முன்னால் பாயை உதறிப் போட்டு, நடுவில் சோற்றுக் குண்டானையும் குழம்புச் சட்டியையும் வைப்பாள். தேவேந்திரன் ஒரு பக்கம், கல்யாணமாகாத அவன் தம்பி தமிழ்வாணன் எதிரில், பன்னிரண்டு வயது மூத்தவள் வித்யா சுவரோரமாக. நாலு வயது ஹேமாவதி மட்டும் ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். கூடம் முழுக்க ஓடுவாள். தட்டோடு மாலா அவள் பின்னாலேயே சுற்றி வருவாள்.

நல்ல குடும்பம்தான். தேவேந்திரன் குடிக்கிறவன் இல்லை. தமிழ்வாணன் அண்ணியை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. வலையில் நல்ல மீன் விழுந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் குழம்பு வைப்பார்கள்.

சாப்பிடும்போது பேசுகிற பேச்சு மட்டும் வேறு மாதிரி இருக்கும்.

தமிழ்வாணன் ஒரு கம்பெனியில் சுமை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தான். உள்ளூர் ஆட்களை நிறுத்திவிட்டு, குறைந்த கூலிக்கு வடக்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அந்த வயிற்றெரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நிறுத்திய முதலாளியைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை.

"இன்னிக்கி பஸ்ல ஏறுனேன் அண்ணி. ஒரே நாத்தம். அதுங்க பத்து பதினஞ்சு ஏறிக்கினு, ஒன்னு மேல ஒன்னு பன்னி மாதிரி குந்திக்கினு இருக்குது."

"ஐஸ் கம்பெனில வந்து பாரு நீ," என்பாள், ஏலக்கூடத்தில் மீன் விற்கும் மாலா. "பின்னாடி ஒரு தகரக் கொட்டாய். அதுக்குள்ள எத்தினி இருக்குதுனே தெரியல. குளிக்குதோ இல்லியோ. அதுங்க கையால ஐஸ் வாங்கிட்டு, நான் ரெண்டு வாட்டி கைய கழுவிக்கிறேன்."

தேவேந்திரன் சிரித்துக்கொண்டே மீன் முள்ளை எடுப்பான். தமிழ்வாணன் போனில் வந்த வீடியோக்களைப் போட்டுக் காட்டுவான். எங்கோ ஒரு ஊரில் யாரோ சிலரை யாரோ சிலர் ஓடவிட்டு அடிப்பார்கள். புள்ள புடிக்கிற கும்பல் என்று கீழே எழுதியிருக்கும். நல்லா போடு, என்பான் தமிழ்வாணன். குழம்பு ஊத்தட்டுமா என்று கேட்பாள் மாலா.

ஒருநாள் வித்யா கேட்டாள். "அவங்களுக்குலாம் ஊரு இல்லியா சித்தப்பா?"

"அவங்களா?" தமிழ்வாணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாம்மா மரியாதை! அதுங்கனு சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். வித்யாவும் சிரித்தாள். உயர்திணை, அஃறிணை எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். வீட்டில் திருத்தியதும் மாற்றிக்கொண்டாள்.

ஹேமாவுக்குச் சோறு ஊட்ட மாலாவிடம் ஒரு வழி இருந்தது. பேய், பூச்சாண்டி எதற்கும் அந்தக் குழந்தை பயப்படவில்லை. ஆனால் வீடியோக்களை அவளும் பார்த்திருந்தாள்.

"வாயத் தொற. தொறக்கல? தோ பாரு, வாசல்ல இந்திக்காரன் நிக்கிறான். சாக்குல போட்டுக் கட்டிக்கினு போயிடுவான். கண்ண நோண்டிடுவான்."

ஹேமா வாயைத் திறப்பாள். கண்ணை வாசல் பக்கமே வைத்துக்கொண்டு வேகவேகமாக விழுங்குவாள். தட்டு காலியாகும்.

மாலாவுக்குத் தினமும் காலையில் ஐஸ் உடைத்துக் கொடுப்பவன் பெயர் கைலாஷ். ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் ஒரு மீன்பிடி ஊர் அவனுக்கு. ஏரியில் மீன் குறைந்துபோனதால் பிழைப்புத் தேடி வந்திருந்தான். இதெல்லாம் மாலாவுக்கு அப்போது தெரியாது. அவன் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்த்ததில்லை. கூடையை நீட்டுவாள், அவன் நிரப்புவான், அவள் போய்விடுவாள்.

அது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. ஏலக்கூடத்தில் அன்றைக்கு இறால் நிறைய வந்திறங்கியதால் மாலாவால் வீட்டுக்கு வர முடியவில்லை. வித்யாவுக்குப் போன் செய்து, காலையில் வடித்த சோற்றைத் தூக்குச் சட்டியில் போட்டு எடுத்துவரச் சொன்னாள். "பாப்பாவ கைய விட்டுடாத" என்றும் சொன்னாள்.

தெரு வழியாகப் போனால் சுற்று. வெயிலும் கடுமை. ஐஸ் கம்பெனிக்குப் பின்னால், போட்டுகள் வந்து போவதற்காகத் தோண்டிய கால்வாயின் கரையோரம் போனால் சீக்கிரம் போய்விடலாம். வித்யா ஒரு கையில் தூக்கும் இன்னொரு கையில் தங்கையுமாக அந்த வழியில் போனாள். தகரக் கொட்டகை வந்ததும் இரண்டு பேரும் நடையை எட்டிப் போட்டார்கள். அந்த வேகத்தில் ஹேமாவின் ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக் கழன்று நின்றுவிட்டது. திரும்பிப் போய் எடுக்க வித்யாவுக்குப் பயம்.

ஐஸ் மூடுகிற சாக்குகளைக் கரையில் காயப்போட வந்த கைலாஷ் அதைப் பார்த்தான். ஒரு சாக்கு அவன் தோளில் கிடந்தது. சேற்றிலிருந்து செருப்பைப் பிடுங்கி, உதறி, கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே பின்னால் வந்தான்.

"பாப்பா! பாப்பா! ஏ பாப்பா!"

ஹேமா திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் பட்டது அந்தச் சாக்குதான்.

அவள் கத்திய கத்தலில் வித்யாவும் ஓடினாள். அவன் நின்றிருக்கலாம். ஆனால் குழந்தை கால்வாய்ப் பக்கம் ஓடுவதைப் பார்த்து அவனும் கத்திக்கொண்டே ஓடிவந்தான். அவன் ஓடிவர ஓடிவர அவள் இன்னும் வேகமாக ஓடினாள். வித்யாவின் கையிலிருந்து அவள் கை எப்போது நழுவியது என்று வித்யாவுக்குத் தெரியாது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்ட பிறகுதான் தன் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள்.

படகின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். கரையில் தங்கை இல்லை. அந்த ஆள் சாக்கை வீசிவிட்டுத் தண்ணீரில் குதித்தான். முங்கினான். எழுந்தான். மறுபடி முங்கினான். கலங்கிய தண்ணீரில் அவன் திரும்பத் திரும்ப முங்குவதை வித்யா பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் ஹேமாவோடு மேலே வந்தான். கரையில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினான். பிறகு தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு தெருப் பக்கம் ஓடினான். வித்யா படகின் பின்னாலேயே ஒடுங்கிக் கிடந்தாள்.

தெருமுனை டீக்கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தமிழ்வாணனும் இருந்தான். ஈரம் சொட்டச் சொட்ட, தோளில் ஒரு சிறுமியைப் போட்டுக்கொண்டு ஒரு வடநாட்டுக்காரன் ஓடிவருவதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். குழந்தையின் முகம் அவன் முதுகுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"டேய்! புள்ளய தூக்கிக்கினு ஓடுதுடா!"

முதல் அடி தமிழ்வாணனுடையது. இரண்டு கைகளாலும் குழந்தையைப் பிடித்திருந்ததால் கைலாஷால் தடுக்க முடியவில்லை. விழுந்தபோதும் குழந்தையை மார்போடு இழுத்து அணைத்து, அவள் தரையில் மோதாதபடி மல்லாந்து விழுந்தான். "டாக்டர்! டாக்டர்!" என்று கத்தினான். எல்லா ஊருக்கும் பொதுவான வார்த்தை அது. யார் காதிலும் விழவில்லை. ஆட்கள் கூடினார்கள். கட்டை வந்தது. யாரோ வீடியோ எடுத்தார்கள். குழந்தையை ஓர் அம்மாள் இழுத்து ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு, அவளும் அடிப்பவர்களைப் பார்த்து நின்றாள்.

கை வலித்து, மூச்சு வாங்க விலகி வந்த தமிழ்வாணன்தான் குனிந்து அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினான்.

மாலா செதில் ஒட்டிய கைகளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு நர்ஸ் தமிழ்வாணனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "தண்ணியில இருந்து எடுத்து எவ்ளோ நேரமாச்சு? எடுத்த ஒடனே ஏன் கொண்டாரல?"

தமிழ்வாணன் சுவரைப் பார்த்து நின்றான்.

மறுநாள் ஹேமாவைப் புதைத்தார்கள். கைலாஷ் சென்னையில் பெரியாஸ்பத்திரியில் போலீஸ் காவலோடு கிடப்பதாகப் பேசிக்கொண்டார்கள். குழந்தையைக் கடத்தி, அது கத்தியதும் தண்ணீரில் அமுக்கிவிட்டான் என்று ஊரே சொன்னது. போலீஸும் அப்படித்தான் எழுதிக்கொண்டது.

வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மாலாவின் நாத்தனார் ஹேமாவதிதான் — குழந்தைக்கு வைத்தது இவள் பெயர் — ஆரம்பாக்கத்திலிருந்து சோறு கொண்டுவந்திருந்தாள். விளக்கு வைத்ததும் அவளே பாயைப் போட்டு எல்லோரையும் உட்காரவைத்தாள். "தொண்டைல ரெண்டு வாய் எறங்குனாத்தான் அழுவக்கூட தெம்பு வரும்" என்றாள்.

பிறகு தமிழ்வாணன் பேசினான். பேசாமல் அவனால் இருக்க முடியவில்லை.

"உயிரோட உட்டுட்டோம் அண்ணி. அதான் தப்பு. இன்னும் நாலு போட்டிருந்தா அங்கியே முடிஞ்சிருக்கும். நாய அடிக்கிற மாதிரி அடிச்சும் சாகல பாரு அது."

"அவரு தூக்கல."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நேற்றிலிருந்து வித்யா வாய் திறக்கவே இல்லை. உடம்பு அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னாமா சொல்ற?" என்றான் தேவேந்திரன்.

"அவரு தூக்கல நைனா. பாப்பா செருப்ப எடுத்துக்கினு வந்தாரு. குடுக்கறதுக்கு வந்தாரு. நாங்கதான் ஓடுனோம். பாப்பா தானா தண்ணில வுழுந்துட்டா. அவரு குதிச்சி, முங்கி முங்கித் தேடி எடுத்தாரு. நான் பாத்தேன். போட்டு பின்னாடி இருந்து பாத்தேன்."

"கொழந்தைக்கு காய்ச்சல்ணா. உளறுது," என்றான் தமிழ்வாணன். அவன் குரல் மாறியிருந்தது.

"செருப்பு குடுக்க வந்தா எதுக்குடி ஓடுனீங்க?" மாலா கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். "சொல்லுடி. எதுக்கு ஓடுனீங்க?"

வித்யா தாயைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. தெரிந்த விஷயத்தையே கேட்கிறார்களே என்கிற குழப்பம்தான் இருந்தது.

"சாக்கு வச்சிருந்தாரும்மா. நீதான சொல்லுவ, சாக்குல போட்டுக் கட்டிக்கினு போயிடுவான்னு."

நாத்தனார் வித்யாவை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். தமிழ்வாணன் எழுந்து வெளியே போனான். மாலா குழம்புக் கரண்டியைப் பிடித்தபடியே இருந்தாள். தேவேந்திரன் வாங்கிக் கீழே வைக்கும்வரை அதை விடவில்லை.

அன்றைக்கு அவள் படுத்தபடி ஒன்றையே தேடிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையை முதலில் சொன்னது யார்? தமிழ்வாணனா? டிவியிலா? போனில் வந்ததா? எப்படித் தேடினாலும் அவள் காதில் விழுந்தது அவள் குரல்தான். வாயத் தொற. கண்ண நோண்டிடுவான். அதட்டிக்கூடச் சொல்லவில்லையே. கொஞ்சிக்கொண்டே அல்லவா சொன்னாள்.

விடிந்ததும் புடவை மாற்றிக்கொண்டு வித்யாவை எழுப்பினாள். தேவேந்திரன் வாசலில் வந்து நின்றான்.

"எங்க போற?"

"ஸ்டேஷனுக்கு. இவ பாத்தத இவ சொல்லட்டும். நான் சொன்னத நான் சொல்றேன்."

"சொன்னா தமிழு உள்ள போவான். டீக்கடைல இருந்த அத்தினி பேரும் போவானுங்க. குப்பத்துல நம்மள இருக்க உடுவாங்களா? யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"போனவ வரப்போறாளா மாலா?"

"வரமாட்டாதான்யா. அதுக்குனு செய்யாத கொலைக்கு ஒருத்தர உள்ள தள்ளிட்டு, நான் எப்டி இந்த ஊட்ல சோறாக்கிப் போடுவேன்?"

அவன் வழிவிடவில்லை. தடுக்கவும் இல்லை. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். தெருவில் நின்ற தமிழ்வாணன் அவளைப் பார்த்ததும் "அண்ணி" என்றான். மாலா நிற்காமல் நடந்தாள்.

ஸ்டேஷனில் இருந்த பெண் எஸ்.ஐ. முதலில் நம்பவில்லை. ஊர் ஒன்று சொல்கிறது, பெற்றவள் வந்து வேறு சொல்கிறாள். மறுபடி மறுபடி கேட்டாள். வித்யா ஒரே மாதிரிதான் சொன்னாள். மாலாவின் முறை வந்தது.

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல மேடம்."

"பின்ன நீங்க இன்னா சொல்லணும்?"

தினமும் சோறு ஊட்டும்போது என்ன சொல்வாள் என்று மாலா சொன்னாள். வார்த்தை மாற்றாமல் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பேனாவை நிறுத்திவிட்டு எஸ்.ஐ.யைப் பார்த்தார். அந்த எஸ்.ஐ. தண்ணீர் பாட்டிலை எடுத்து மாலாவின் பக்கம் நகர்த்தினாள்.

விசாரணை இழுத்துக்கொண்டு போனது. அதற்குள் ஒருநாள், நாத்தனாரைத் தவிர யாரிடமும் சொல்லாமல், பொன்னேரிக்கு பஸ்ஸில் போய் அங்கிருந்து ரயில் பிடித்து மாலா சென்னைக்குப் போனாள். பெரியாஸ்பத்திரியில் தேடித் தேடி அந்த வார்டைக் கண்டுபிடித்து, காவலுக்கு இருந்த போலீஸ்காரரிடம் கெஞ்சி உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அதே ஐஸ் கம்பெனியில் வேலை செய்யும் இன்னொரு ஒடிசாக்காரன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தமிழ் ஓரளவு வரும்.

கைலாஷின் முகம் பாதி கட்டுக்குள் இருந்தது. ஒரு காது கேட்காது என்றார்கள். இடது கை இனி முழுதாக மடங்காது. மாலாவைப் பார்த்ததும் வலது கையை மெல்லத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

மாலா அப்படியே நின்றாள். கும்பிட்டாள். வரும் வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தாள். கும்பிட்ட கையை இறக்காமலே இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கையை இறக்கினான். தினம் கூடை நீட்டுகிறவள் என்று அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் குழந்தையின் தாய் இவள்தான் என்பது அவனுக்குத் தெரியாது. அதைப் பக்கத்தில் இருந்தவன் அவன் மொழியில் சொன்னான். கைலாஷ் சட்டென்று தலையைத் தூக்கப் பார்த்தான். கட்டு இறுக்கியதால் வார்த்தைகள் கரகரவென்று வந்தன.

"பாப்பா... பாப்பா இருக்குதா?"

அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அடிபட்ட நாளிலிருந்து விசாரிக்க வந்த அத்தனை பேரும் அவனைக் கேள்வி கேட்டார்களே தவிர, அவன் கேட்ட இந்த ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவனுக்கும் சொல்ல மனம் வரவில்லை போல. தலையைக் குனிந்துகொண்டான்.

மாலா இல்லை என்று தலையசைத்தாள்.

கைலாஷ் அவளையே பார்த்தான். பிறகு அடிபடாத கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கட்டுக்குள் இறங்கியது. பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொன்னான்.

"இன்னா சொல்றாரு?" மாலா கேட்டாள்.

"தண்ணீ ரொம்ப கலங்கல்னு சொல்றான். மொதல் தடவ முங்கும்போது கெடைக்கல. கெடச்சிருந்தா பொழச்சிருக்கும்னு சொல்றான். மாப் பண்ணுங்கனு சொல்றான்."

மாலா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கைலாஷின் மேல் இருந்த வழக்கை எடுத்துவிட்டார்கள். உடம்பு ஓரளவு தேறியதும் அவன் அண்ணன் வந்து ஊருக்கு அழைத்துப் போய்விட்டான். ரயில் ஏறிய விஷயம் மாலாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. தமிழ்வாணனும் இன்னும் சிலரும் கைதானார்கள். ஜாமீனில் வெளியே வந்தவன் வீட்டுக்கு வரவில்லை. காட்டூரில் ஒரு கூட்டாளி வீட்டில் தங்கியிருக்கிறான் என்றார்கள். குப்பத்தில் பலர் மாலாவோடு பேச்சை நிறுத்தினார்கள். ஏலக்கூடத்தில் அவள் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது.

தேவேந்திரனும் அவளிடம் பேசவில்லை. ஏரிக்குப் போவான், வருவான், போட்டதைச் சாப்பிடுவான். டிவியைப் போடுவதில்லை. வித்யா தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள். மாலா கூப்பிட்டுப் பார்த்தாள். "நீங்க பேசி முடிங்கம்மா, அப்புறம் வர்றேன்" என்றாள் வித்யா. யாரும் பேசாத வீட்டில் அவள் அப்படிச் சொன்னாள்.

மழை தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம், பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் தேவேந்திரன் கேட்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியாமே. ஹேமா சொல்லிச்சி, ஆரம்பாக்கத்துல."

அந்தப் பெயரைச் சொன்னதும் அவன் குரல் தடுமாறியது.

"போனேன்."

"அந்த ஆளு இன்னா சொன்னாரு?"

அந்த ஆளு. சொன்னாரு. மாலா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"பாப்பா இருக்குதானு கேட்டாரு."

தேவேந்திரன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கை சோற்றுக்குள்ளேயே கிடந்தது. தோள் குலுங்கத் தொடங்கியது. பின்பக்கத்திலிருந்து வித்யா எட்டிப் பார்த்தாள். தந்தை அழுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. அருகில் வரலாமா என்று தெரியாமல், கையில் தட்டோடு கதவோரத்திலேயே நின்றாள்.